கடைமடையில் அடுத்திருப்பவர்



படைப்பின் காலத்துக்கென்று இன்று நாம் எடுத்துக்கொண்ட முதல் வாசகம் ஈசாக்கு கிணறு தோண்டிய வரலாறு. தொடக்க நூல் 26-ஆம் அதிகாரம். ஆபிரகாம் காலத்தில் வெட்டிய கிணறுகளை அவர் இறந்த பிறகு பெலிஸ்தியர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். பஞ்சத்தில் பிழைக்க வந்த ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டுகிறார். ஓரிடத்தில் ஊற்று கிடைத்ததும், தண்ணீர் எங்களுடையது என்று உள்ளூர் மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்தில் தோண்டுகிறார். அங்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்குத்தான் யாரும் வழக்குப் பேச வரவில்லை. தூர் எடுப்பதும் தண்ணீருக்காக வரப்பில் நின்று சண்டை போடுவதும் என்னவென்று பூதலூர் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நற்செய்தி நல்ல சமாரியர் உவமை. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று ஒருவர் இயேசுவிடம் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நம் மண்ணில் என்ன பதில் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கல்லணையில் காவிரி பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நாம் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு வெட்டி 1934-இல் முடித்த அந்தப் புது ஆறு, நம் பூதலூர்ப் பக்கமாகத் தஞ்சாவூருக்குப் போய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று இறங்கி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடுகிறது. கல்லணை திறந்தால் நமக்கு முதலில் தண்ணீர். கடைமடைக்காரர் வாய்க்கால் தலைப்பில் நாள்கணக்காகக் காத்துக்கிடப்பார். சில ஆண்டுகளில் அவருக்கு வந்து சேருவதே இல்லை.

போன மாதம் கிளை வாய்க்கால் மதகு ஒன்றின் அருகே சிறிது நேரம் நின்றேன். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் துறட்டியால் ஷட்டருக்குக் கீழே குத்திக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஆகாயத்தாமரை கொத்தாக வந்தது. அதன் வேரில் சிக்கி ஷாம்பு பாக்கெட், டீ கப், சாப்பாட்டுக்கடை பார்சல் கவர். பிறகு தண்ணீரில் ஊறிக் கனத்த குழந்தை டயப்பர்கள். யாரோ இறந்தவரின் தலையணை ஒன்று, பஞ்சு பிதுங்கி. கடைசியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் கிழிந்த பாதி வந்தது. எந்த ஊர்த் திருவிழாவுக்கு அடித்ததோ தெரியவில்லை, மாதாவின் நீல முக்காடு மட்டும் சாயம் போகாமல் இருந்தது. அத்தனையையும் கரையில் எடுத்துப் போட்ட பிறகுதான் தண்ணீர் மதகுக்குள் சத்தத்தோடு இறங்கியது. அவர் இழுக்காமல் விட்டிருந்தால் அது பக்கத்து வயலில் வழிந்து வீணாகியிருக்கும். கீழே ஒருவருடைய நாற்றங்கால் காய்ந்திருக்கும்.

மும்பாலையில் நாற்று விட்டிருக்கும் அந்த விவசாயியின் பெயர் நமக்குத் தெரியாது. முகமும் தெரியாது. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றும் தெரியாது. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரின் பெயரையும் ஆண்டவர் சொல்லவில்லை. கடைமடைக்காரர்தான் நமக்கு அடுத்திருப்பவர் என்று நான் நம்புகிறேன். எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், நம் வாசல் வழியாகப் போகிற தண்ணீர்தான் அவர் வயலுக்கும் போக வேண்டும்.

பருவம் முன்போல இல்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில், சம்பா அறுக்கும் நேரத்தில் மழை கொட்டி, கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்தோம். அதே ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தும் குறுவை பல இடங்களில் கருகியது. அக்டோபரில் அணையை மூடிவிட்டார்கள். மறு ஆண்டு ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். காவிரிப் பங்கீட்டு வழக்கும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெய்ய வேண்டிய காலத்தில் பொய்த்து, அறுக்கிற காலத்தில் கொட்டும் மழைக்கு எந்தத் தீர்ப்பாயமும் பொறுப்பில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதகுலம் வானத்தைச் சூடாக்கிவிட்டதன் விளைவு இது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். குப்பையைப் பிரிப்பது, வேண்டிய அளவு மட்டும் சமைப்பது, மரம் நடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது என்று அன்றாட வீட்டுக் காரியங்களையும் அதே மடலில் எழுதினார். திருத்தந்தை ஒருவர் உலகத் திருச்சபைக்கு எழுதும் மடலில் மின்விளக்கை அணைக்கச் சொல்லுவதா என்று சிலர் கேட்டார்கள். அதில்தான் அவருடைய மேய்ப்புப்பணியின் உண்மை இருக்கிறது. 2023 அக்டோபர் 4-இல் அதன் தொடர்ச்சியாக வெளியிட்ட திருத்தூது அறிவுரையில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: வீட்டளவு முயற்சி மட்டும் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடாது, நாட்டளவிலும் உலக அளவிலும் பெரிய அரசியல் முடிவுகள் வேண்டும். ஆனால் அந்த மாற்றத்துக்கான மனம் வீடுகளில்தான் உருவாகிறது என்றார்.

இந்த மனமாற்றத்தை நம் மண்ணிலேயே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. நம் வட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே இளங்காட்டில் 1938-இல் பிறந்த கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தார். இரசாயன உரத்தை நம்பிய வேளாண்மை ஏழை உழவருக்கு உதவாது என்று கண்டு வேலையை விட்டார். பிறகு களக்காட்டில் ‘அமைதித் தீவு’ அமைப்பில் பத்தாண்டு பணி செய்தார். அந்த அமைப்பைத் தொடங்கியவர் பெல்ஜியத்து தோமினிக்கன் துறவி டொமினிக் பியர், 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரு கத்தோலிக்கக் குருவின் பணியும் நம் ஊர் உழவர் மகனின் பணியும் அங்கே ஒன்று சேர்ந்ததை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 2004 சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினத்து வயல்களை மீட்க நம்மாழ்வார் உழைத்தார். டெல்டாவில் மீத்தேன் எடுக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த நாள்களில், 2013 டிசம்பர் 30-இல், பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது. 2020-இல் இந்த மண் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டமானபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைமடையிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப்போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போயிருந்தது. இரண்டு அடியும் வாங்கிய கடைமடை இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற சங்கமாகச் சேர்ந்து, 2019-இல் தங்கள் பணத்தையும் நன்கொடையையும் போட்டுப் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பிறகு பல ஊர் ஏரிகளுக்கும் போனார்கள். யார் தூர்த்தார்கள் என்று ஈசாக்கு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, மண்ணை அள்ளினார். இவர்களும் அள்ளினார்கள். தண்ணீர் கடைசியாக வருகிற இடத்தில் இருப்பவர்கள் இதைச் செய்திருக்கும்போது, முதலில் வருகிற இடத்தில் இருக்கும் நாம் என்ன செய்தோம்?

ஆற்றையும் ‘ஏ’, ‘பி’ வாய்க்கால்களையும் அரசு தூர்வாரும். வயலுக்குப் பக்கத்தில் போகிற ‘சி’, ‘டி’ வாய்க்கால்கள் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து அந்த வேலையை முடித்தார்கள். அதுதான் குடிமராமத்து. 1858-இல் ஆங்கிலேயர் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள், 2017-இல் மாநில அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. சட்டமும் திட்டமும் வந்து போகும். வீட்டுக்கு ஓர் ஆள் வருவது அன்பியங்களின் கையில் இருக்கிறது.

விவசாயிகளே, வயலில் எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றில்லாத சேற்றில் மீத்தேன் உண்டாகிறது, வானத்தைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடக் கொடியது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது பாதி வரை குறைகிறது என்று நெல் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மிச்சமாகும் தண்ணீர் கீழே போகும். இது செலவில்லாத காரியம். தலைமடையில் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்வது நமக்கு உரிமை என்ற எண்ணத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். அதுதான் கடினம், எனக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. நம் பக்கத்துச் சாலைகளில் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கிற நல்ல மனம் நமக்கு உண்டு. பூண்டி மாதா திருவிழாவிலும் அப்படித்தான். கொடுப்பதை வாழை இலையிலும் மந்தாரை இலையிலும் கொடுங்கள், தண்ணீரைப் பானையில் வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. பக்திக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை. நம் பங்கில் இனி திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். துணியில் எழுதுவோம்.

வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு வாய்க்காலைத் தூர்வாரக் கோயில் முன்பு கூடுவோம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோ துறட்டியோ எடுத்து வாருங்கள். குப்பையை அள்ளச் சாக்கு வேண்டும், அரிசி வாங்கிய காலிச் சாக்கு போதும். இது பனம்பழம் விழும் காலம், பிள்ளைகள் பனங்கொட்டை பொறுக்கி வரட்டும், கரையில் ஊன்றலாம். பிற சமயத்து அண்டை வீட்டாரையும் கூப்பிடுங்கள், வாய்க்கால் எல்லோருக்கும் பொது. முதலில் நம் தெருவை ஒட்டிய வாய்க்கால், முடிந்தால் மதகு வரை. முடியாத முதியவர்கள் அந்த நேரத்தில் கடைமடை விவசாயிகளுக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். ஆமென்.