கிணத்த ஏன் எறைச்சாங்க?

'பலன் கருதாமல் உழைத்தவர்.' தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இறந்துபோனால் இரங்கல் நோட்டீசில் இப்படித்தான் அச்சடிக்கிறார்கள். என் அப்பாவுக்கும் அச்சடித்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த மூன்று சொல்லையும் என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் அப்பா பலன் கருதியவர். அகவிலைப்படி எவ்வளவு ஏறிச்சு, அரியர் எப்ப வரும், ஜி.பி.எஃப்.ல எவ்வளவு சேர்ந்திருக்கு என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவர். பலன் கருதாமல் உழைக்க வைக்கப்பட்டவர் என் தாத்தா. அவர் ஊருக்கு வெட்டியான்.

இருவருமே நெருப்போடு வேலை செய்தவர்கள். ஊர்ச் சுடுகாட்டில் பிணம் வேகும்வரை தாத்தா கம்போடு நிற்பார். விடிந்து எலும்பு பொறுக்க வருகிறவரை நாய் நரி அண்டாமல் பார்த்துக்கொள்வார். களத்தில் அளந்துபோடும் நெல், பிணத்தின் மேல் கிடந்த கோடித்துணி, சில்லறைக் காசு - இவைதான் அவருக்கு. கேட்டு வாங்கும் கூலி அல்ல அது. கொடுத்தால் வாங்கிக்கொள்வது. வரமாட்டேன் என்று சொல்ல வாயில்லை. அவர் தினம் நின்ற அந்த இடத்துக்குத்தான் நம் நாட்டில் 'கடமை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்பா 1970களின் தொடக்கத்தில் தீயணைப்போராகச் சேர்ந்தார். மூட்டிய கையின் பிள்ளை அணைக்கும் கையாக மாறியது என்று யாராவது இதைக் கவிதையாக்கலாம். அவருக்கு அதில் கவிதை ஒன்றும் கிடையாது. "அங்க நெல்லு, இங்க சம்பளம். வேற என்னடா?" என்பார்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சைப் பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேர் எரிக்கப்பட்டபோது அப்பாவுக்கு இருபது வயசு. சங்கம் வைத்ததும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும்தான் அந்தச் சனங்கள் செய்த குற்றம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. தீர்ப்பு வந்த காலத்தில் அப்பா ஏதோ ஒரு மிராசுதார் வீட்டு வைக்கோல்போரில் தண்ணி அடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அங்கேதான் என் கேள்வி. நம் குடிசை எரிந்தபோது ஓடிவராதவன் வீட்டுக்கு நாம் ஏன் ஓட வேண்டும்? கல்லூரியில் படிக்கும்போது அவரிடமே கேட்டிருக்கிறேன். "எரிஞ்சா எரியட்டுமேப்பா." அவர் கோபப்படவில்லை. "பெல்லு அடிச்சா வண்டில ஏறணும். யாரு வூடு, எந்தத் தெருன்னு விசாரிச்சிட்டு எறங்குறது அவங்க பழக்கம். அத என்னயும் பழகச் சொல்றியா?"

இதைக் கேட்டால் 'ஆகா, நிஷ்காம கர்மம்!' என்று சிலர் கையெடுத்துவிடுவார்கள். இல்லை. கீதை சொல்கிற கடமை பிறப்போடு ஒட்டியது. ராஜினாமா செய்ய முடியாது, சம்பளம் போதவில்லை என்று மனுக்கொடுக்க முடியாது. அப்பாவின் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு இருந்தது, பயிற்சி இருந்தது, லீவு இருந்தது, பென்சன் இருந்தது. எவரைக் காப்பாற்றினாலும் அதே சம்பளம். அதனால்தான் எவரையும் காப்பாற்ற முடிந்தது என்று நான் நினைக்கிறேன். யாருக்கும் அவர் அடிமையில்லை, யாரும் அவருக்குக் கடன்பட்டவருமில்லை. அதைத் தியாகம் என்று புகழ்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ அவர் கையில் தாத்தாவின் கம்பைத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

ஏப்ரல் 14 அவருக்கு இரட்டை நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். அன்றிலிருந்துதான் வருசாவருசம் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. காலையில் ஸ்டேஷனில் விறைத்து நின்று மௌன அஞ்சலி. சாயந்தரம் சட்டையை மாற்றிக்கொண்டு சேரியில் அண்ணல் படத்துக்கு மாலை. செத்த 66 பேரும் சம்பளத்துக்குப் போனவங்கதான், அதனால அவங்க சாவு சின்னதாயிடுச்சா என்று அப்பா கேட்பார்.

அந்த வாரத்தில் மேடையேறுகிறவர்கள் 'தீக்குச் சாதி கிடையாது' என்று தவறாமல் பேசுவார்கள். அப்பா சிரிப்பார். "தீக்குச் சாதி தெரியாது. கூரை தெரியும்." எரிய மூன்று வேண்டும்: சூடு, காத்து, தீனி. கீற்றைப்போலத் தீனி வேறில்லை. நெருக்கிக் கட்டிய குடிசை, வண்டி நுழையாத சந்து, ஊருக்கு வெளியே ஒதுக்கிய மனை, தகவல் சொல்லப் போன் இல்லாத காலம் - இதெல்லாம் சேர்ந்துதான் அவர்கள் போய்ச் சேரும்போது சாம்பல் மிச்சமிருந்தது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகள் செத்ததும் கீற்றுக் கூரைக்குக் கீழேதான். நத்தம் காலனியில் 2012இல் நடந்தது வேறு. அங்கே தீக்குச் சாதி தெரியாவிட்டாலும் வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் நெருப்பைவிட அதிகம் பேசியது ஒரு கிணற்றைப் பற்றி. தீயணைப்புக்காரர்களுக்குப் பாதி வேலை கிணற்றில்தான், ஆடோ மாடோ மனுசனோ விழுந்தால் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். 1980களில் ஒருநாள், நம்ம சனங்கள் குடத்தோடு அண்ட முடியாத ஒரு தெருக்கிணற்றில் எட்டு வயசுப் பையன் விழுந்துவிட்டான். பாதாளக் கரண்டி போட்டும் சிக்கவில்லை. அப்பா கயிறு கட்டி இறங்கினார். மூன்றாவது முங்கலில் பையன் கிடைத்தான். தோளில் போட்டு ஏறிவந்தார். உயிரில்லை. பையனின் தாய் அப்பாவின் ஈரக் கையைப் பிடித்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதிருக்கிறாள். யாரும் அவளை இழுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு குரல் மட்டும், "இவன் அந்த வெட்டியான் மொவன்ல?" என்றது.

மறுநாள் மோட்டார் வைத்து அந்தக் கிணற்றை இறைத்தார்கள். வற்ற இறைத்து, சேறு அள்ளி, மஞ்சத்தண்ணி தெளித்து.

பிணம் விழுந்த கிணற்றை யாரும்தான் இறைப்பார்கள். நம் தெருவிலும் இறைப்போம். அதனால் இதைக் குற்றமென்று சொல்ல வழியில்லை. 1927 மார்ச்சில் மகத் குளத்தில் நம்மவர்கள் தண்ணீர் குடித்த பிறகு 108 பானை பால், தயிர், சாணம், கோமியம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அதில் காரணம் வெளிப்படை. சண்டை போடலாம், வழக்குப் போடலாம். அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. "பொணம் வுழுந்ததுக்கு எறைச்சாங்களா, நான் எறங்கினதுக்கு எறைச்சாங்களா?" என்று முப்பது வருசம் அம்மாவிடம் கேட்டார். "ரெண்டுக்கும்தான், சாப்புடு" என்று அம்மா தட்டை நகர்த்துவாள்.

சாதியின் கொடுமையைப் பேசும்போது அடியை, வெட்டை, தீயைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சந்தேகத்தை எந்த எஃப்.ஐ.ஆரில் எழுதுவது? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மேல் இப்படியொரு நினைப்பு வருகிறதே என்று அவரே கூசினார். கூசியும் கேட்டார். இறைத்தவர்களில் யாரும் ஒருநாள்கூடத் தங்களை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தாய் பிடித்த கை பொய்யில்லை என்பதையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார், ஒன்றால் மற்றதை அழிக்கவில்லை.

வீட்டில் அவர் சாதாரணத் தகப்பன். ட்யூட்டி முடிந்து காலையில் வந்து, புகை வாசனையோடு தங்கச்சிக்கு ரெட்டைச் சடை பின்னுவார். ராத்திரி படுக்குமுன் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். கடன் போட்டு எங்கள் தெருவில் முதல் தளம் போட்ட வீட்டைக் கட்டினார். 'நல்ல குடும்பஸ்தர்' என்று நோட்டீசில் ஒரு வரி வந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விடியுமுன் பண்ணைக்குப் போய் இருட்டித் திரும்பியவர்களின் பரம்பரையில், பிள்ளை தலையைச் சீவிவிட நேரம் கிடைத்த முதல் ஆம்பளை அவர்தான்.

58 வயதில் ஓய்வுபெற்ற அன்று பணிக்கொடை எவ்வளவு என்பதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சாகுமுன் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்: "ஊர்ல வேணாம். எவனயும் கம்போட நிக்க வைக்காதீங்க. டவுனுக்குக் கொண்டு போங்க, அங்க சம்பளத்துக்கு ஆள் இருக்கு."

நகராட்சி எரிவாயுத் தகனமேடைக்குக் கொண்டுபோனோம். பணம் கட்டினோம், ரசீது கொடுத்தார்கள். தட்டை உள்ளே தள்ளிய இரண்டு பேரையும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம்ம ஆளுங்கதான். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். பி.எஃப். பிடிக்கிறாங்களா என்று கேட்டேன். பெரியவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கதவை இறக்கினார்.