ஆயுதப் பற்றும் அடங்கா அவாவும்

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே திருமுருகன்பூண்டி என்னும் திருத்தலம் விளங்குதல் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. ஆண்டு வழிபாடாற்றி யாம் வெளிப்போந்த ஒரு நாள், பின்னலாடைத் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர் அணுகி வணங்கி வினா ஒன்று நிகழ்த்தினார். அவ்வினாவே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

"சுவாமி! அடியேனிடத்து மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, தோட்டத்துக் காட்டுப்பன்றியை ஓட்டும்பொருட்டுத் தகப்பனார் வைத்திருந்தது. மற்றொன்று, தற்காப்பிற்கென அடியேன் வாங்கியது. மூன்றாவது, வேலைப்பாட்டின் அழகு கண்டு வாங்கியது. அது வந்து பத்து நாள் எடுத்தெடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் நான்காவதன்மேல் மனம் போயிற்று. சட்டம் தடுத்தமையால் மனைவி பெயரில் உரிமம் பெறலாமா என்றும் எண்ணினேன். பின்பு சட்டம் மாறி, இருந்த மூன்றனுள் ஒன்றை ஒப்படைக்க நேர்ந்தது. ஆண்டுகள் கழிந்தும், பேழையில் அஃதிருந்த வெற்றிடத்தையே மனம் சென்று சென்று பார்க்கின்றது. அடியேன் எவ்வுயிரையும் சுட்டதில்லை, சுட விரும்பியதுமில்லை. பின் ஏன் இவ்வேட்கை?" என்றார்.

வினவியவர் தம் குற்றத்தை மறைத்திலர், பெரிதாக்கவுமிலர். ஆதலின் அவர் வினா நம் எல்லோர்க்கும் உரிய வினாவாயிற்று. துப்பாக்கிக்கு ஈடாகப் பொன்னையோ, நிலத்தையோ, பட்டத்தையோ, நூற்றொகுதியையோ வைத்துப் பார்ப்பின், இந்நோய் தமக்கில்லை என்று கூறவல்லார் மிகச் சிலரே.

அரசாங்கம் இதற்கு எல்லை வகுக்க முயன்றமை காண்க. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1983-இல் திருத்தப்பட்டபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்தலாகாதென வரையறை செய்யப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்து, மிகுதியை ஓராண்டிற்குள் ஒப்படைக்கப் பணித்தது. ஒன்றே போதும் என்றுதான் மசோதா முதற்கண் எழுதப்பட்டது. மறுப்புரைகள் எழவே இரண்டென முடிந்தது. எல்லையே இல்லாத நாட்டின் நிலை யாதோ எனின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நூறு மக்கட்கு ஏறத்தாழ நூற்றிருபது துப்பாக்கிகள் தனியார் கையில் உள்ளன என்று, ஜெனீவா நகரத்து ஆராய்ச்சிக் கழகம் ஒன்று 2018-இல் மதிப்பிட்டது. ஒருவனுக்குக் கை இரண்டே. கைக்கு மிஞ்சிய ஆயுதம் எதனைக் காத்தற்கு? சட்டம் பேழையில் உள்ளனவற்றை எண்ணும். நெஞ்சில் உள்ளதனை எண்ணவல்லதன்று.

நெஞ்சில் உள்ளதனை எண்ணிக் காட்டுவது சித்தாந்த சாத்திரம். வித்தியா தத்துவம் ஏழனுள் அராகம் என்பது ஒன்று. அஃது உயிரின் இச்சையைத் தூண்டி நுகர்பொருளின்பாற் செலுத்துவது. அதனை இறைவன் கூட்டியது உயிரைக் கெடுத்தற்கன்று. ஆணவ இருளில் அசைவற்றுக் கிடந்த உயிர்க்குச் சிறிது எழுச்சி தருதற்கேயாம். ஆயின் அவா நிரம்பாமைக்குக் காரணம் யாது? உயிர் இயல்பில் வியாபகப் பொருள். ஆணவத்தால் அது தன் விரிவை இழந்து அணுப்போலக் குறுகி நிற்கின்றது. குறுகினும், நிறைவை நாடும் இயல்பு அதனை விட்டொழிந்ததில்லை. இழந்த விரிவை எதிர்ப்பட்ட பொருளிற் றேடுகின்றது. எல்லையுடைய பொருள் ஒன்றோடு ஒன்றாக எத்துணை கூடினும் எல்லையுடையதே. ஆதலின் மூன்றாவது வந்த பதினோராம் நாள் நான்காவது தோன்றுகின்றது.

பின்னலாடைத் தொழிலார்க்கு இஃது எளிதின் விளங்கும். ஒரே நூல், கண்ணியுட் கண்ணியாக நுழைந்து துணியாகின்றது. எக்கண்ணியும் தனித்து நில்லாது. அடுத்த கண்ணியைப் பற்றியே நிற்கும். அவாவும் அத்தகையதே. பெற்றதனைப் பற்றிப் பெறாதது நிற்கின்றது. விலங்கு படுக்கும் வலைக்கும் கண்ணி என்னும் பெயருண்மை ஈண்டு நினைக்கத்தக்கது.

அற்றேல் ஆயுதம் ஏந்துதலே குற்றமோ எனின், அன்று. ஏனாதிநாத நாயனார் வாட்போர் பயிற்றிய ஆசிரியர். பகைவன் நெற்றியில் திருநீறு கண்டவிடத்து எதிர்த்தற்கு மனங்கொண்டிலர். வாளைக் கீழே இட்டுவிடவும் கருதினார். ஆயின் ஆயுதமிலாரைக் கொன்ற பழி அவனுக்கு எய்தலாகாதென்று வாளை ஏந்தியபடியே நின்றார். அவ்வாள் அவர் கையில் இருந்தது; அவர் அவ்வாளின் கையில் இருந்திலர். இதுவே வேற்றுமை. முப்புரம் எரித்த வரலாற்றினும், தேரும் வில்லும் நாணும் அம்புமாகத் தேவர் தம்மையே ஆயுதத் தொகுதியாக அமைத்துக் கொடுத்தனர்; இறைவனோ புன்னகை ஒன்றாற் காரியம் முடித்தருளினான். முப்புரமாவது மும்மலம் என்ப. மலத்தை அறுப்பது அருளேயன்றித் திரட்டிய கருவியன்று.

இனித் திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்ததனைக் கருதுக. சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பெரும் பொருளோடு நம்பியாரூரர் அவ்வழியே எழுந்தருளியபோது, பூதகணங்கள் வேடர் வடிவில் வில்லேந்தி வந்து பொருளனைத்தையும் பறித்தன, நம்பிகளை அணுகவில்லை. அவர் திருக்கோயிலுட் புகுந்து பதிகம் பாடியருள, பறித்தன யாவும் மீண்டு வந்தன. பிறர் கொடுத்ததனைக் கொண்டு தம் தோழர் செல்லலாகாது, தாமே கொடுத்தல்வேண்டும் என்பது இறைவன் திருவுள்ளம் எனச் சேக்கிழார் பெருமான் விளக்கியருளினார். பறிபோன பொருளும் மீண்ட பொருளும் ஒன்றே. ஆயினும் முன்னது மன்னன் தந்தது. பின்னது சிவன் தந்தது. பொருள் மாறாது அதன் உரிமை மாறிற்று. கையினின்றும் ஒன்று நீங்குங்கால், நீக்கியவன் யார் என்று நோக்கக் கற்றவனுக்கு இழப்பும் திருவருளேயாம்.

இக்கருத்துப்பற்றியே யாம் அவ்வன்பர்க்கு விடை கூறினேம்: "ஐயா! சட்டத்தின் வடிவில் வந்து உம்முடையதொன்றைப் பறித்தானும் பூண்டிப் பெருமானே எனக் கொள்க. அவ்வெற்றிடத்தை வெறுத்தல் வேண்டா. விரைந்து நிரப்பலும் வேண்டா. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று. ஒரு சார்பை விடுவது பிறிதொரு சார்பைப் பற்றியே. நான்காவதன்மேல் மனம் செல்லும்போதெல்லாம் திருவைந்தெழுத்தை எண்ணுக. அதன் விலையை, நும் ஆலையில் உழைக்கும்பொருட்டு நெடுந்தொலைவினின்று வந்துள்ளார்தம் மக்களின் பசிக்கும் கல்விக்கும் ஆக்குக. ஒருவன் ஆயுதத்தைச் சுவடிக்கட்டினுள் மறைத்துக் கொணர்ந்து மெய்ப்பொருள் நாயனாரை வீழ்த்தினான். நீர் ஆயுதம் இருந்த இடத்திற் றிருமுறையை வைத்து நாடோறும் எடுத்து ஓதுக. துடைத்துத் துடைத்துப் பார்த்த கை அதனையும் எடுக்கும். ஆயின் பதினோராம் நாள் மனம் வேறொன்றிற் செல்லாது, அதனுள்ளேயே மேலும் செல்லும்."

அவர் கண்ணீர் மல்கித் திருநீறு பெற்றுச் சென்றார். அன்பர்காள்! நம் ஒவ்வொருவர் பேழையினும் ஒரு வெற்றிடம் உண்டு. அஃது இறைவற்குரிய இடம் என்று உணர்ந்து, அதனை அவனுக்கே ஆக்கி உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.