நாதத்துக்குக் காது சாட்சி, ஆயுளுக்கு எது சாட்சி?

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தீர்ப்புகள் சேர்ந்தே வரும். "நாதம் அருமை" என்பது ஒன்று. "நம்பி மேடைக்கு எடுத்துப் போகலாம், காலை வாராது" என்பது மற்றொன்று. முதலாவதை வெறும் ருசி என்று விட்டுவிடுகிறோம். அவரவர் காது, அவரவர் விருப்பம், அதில் வாதாட என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். இரண்டாவதை அனுபவ உண்மையாக ஏற்கிறோம். இருபது வருடம் வாசித்தவருக்குத் தெரியாதா என்கிறோம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நாதத்தைப் பற்றிய தீர்ப்புதான் சோதித்துச் சரி, தவறு என்று சொல்லக்கூடியது, ஏனென்றால் அது இப்போது காதில் விழும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. நம்பகத்தைப் பற்றிய தீர்ப்பு இன்னும் நடக்காததைப் பற்றியது. நாளைய கச்சேரியைக் கண்டவர் எவரும் இல்லை, ஊகித்தவர்கள்தான் உண்டு. அந்த ஊகம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்காதவரை அது வெறும் வாக்குறுதிதான்.

எதை எந்த வழியால் அறிகிறோம் என்ற கேள்வியைத் தமிழ் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. மணிமேகலையின் 27ஆவது காதையில் அளவைவாதி, காண்டல், கருதல் என்று தொடங்கிப் பத்து அளவைகளைச் சொல்கிறான். கருதலைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாக வகுக்கிறான். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்வது முதல். காரணத்திலிருந்து காரியத்துக்குப் போகும் வழி அது. வெள்ளத்தைப் பார்த்து ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்திருக்கிறது என்று சொல்வது எச்சம்; காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்பும் வழி. அளவைகள் கெடும் விதங்களையும் அந்தக் காதை எண்ணுகிறது. அவற்றில் ஒன்று தேராது தெளிதல், அதாவது ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடுவது. கலிஃபோர்னியாவிலும் லண்டனிலும் உருவான ஒரு மின்கருவிக்கு இந்தப் பகுப்பு எதற்கு என்று தோன்றலாம். அறியப்படும் பொருள் மாறுவதால் அறியும் வழிகள் மாறிவிடுவதில்லை. காண்டலால் அறிய வேண்டியதையும் கருதலால் அறிய வேண்டியதையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் முதன்மையான பிழை என்பதால், இந்தப் பகுப்பு எனக்கு மிகவும் தேவைப்படுகிறது.

நாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டேவிட் ஹியூம் 1757இல் ருசியின் அளவுகோல் பற்றி வெளியிட்ட கட்டுரையில், டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்பு வாடை தட்டுகிறது என்கிறார் மற்றவர். எல்லோரும் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. வால்வு நாதத்திலும் அப்படிச் சாவிகள் கிடைத்திருக்கின்றன. ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் 1973இல் ரஸ்ஸல் ஹாம் எழுதிய கட்டுரை, வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் எல்லையைத் தாண்டித் திணறும் நிலையில்தான் தெளிவாகிறது என்று காட்டியது. அவர் சோதித்த வால்வுச் சுற்றுகள் சிலவற்றில் அப்போது இரண்டாம் ஹார்மானிக் ஓங்கி நின்றது. அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. டிரான்சிஸ்டரில் மூன்றாவது ஓங்கியது. இதை "வால்வு என்றாலே இரண்டாம் ஹார்மானிக்" என்று சுருக்கிவிடுவதும் தவறு. இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் புஷ்-புல் அவுட்புட்டில் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனாலும் காது "கனிவு" என்று சொன்னதற்குப் பின்னால் அளக்கக்கூடிய ஒன்று இருந்தது. இனிமை பிடிக்குமா பிடிக்காதா என்பது அவரவர் பாடு. இந்த ஆம்ப் அழுத்தி மீட்டும்போது மெதுவாகக் கரகரக்கிறதா, சட்டென்று கிழிகிறதா என்பது அவரவர் பாடு அல்ல.

காது ஏமாறும் என்பது இதற்கு எழும் வலுவான ஆட்சேபம். உண்மைதான், ஏமாறும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ச்சுரங்களைக் குறைத்தே கேட்கிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். அதனால் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பது செழிப்பானதாகத் தோன்றும். ஒலியளவைச் சமமாக்காமல் சொல்லும் தீர்ப்பு தேராது தெளிதலே. பெயரின் மயக்கம் அதைவிடப் பெரியது. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸும் அவருடைய குழுவினரும் 21 வயலின் கலைஞர்களிடம் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் அடையாளம் தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவாரி. காதை நம்ப முடியாது என்பதற்குப் பலர் இதைச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எதிர்மாறாகத் தெரிகிறது. பெயரை மறைத்த பிறகும் அந்தக் கலைஞர்களின் விருப்பங்கள் சிதறிப்போகவில்லை. ஒரு கருவி பின்தங்கும் அளவுக்கு அவை ஒத்துப்போயின. அங்கே தோற்றது பெயர்ப்பலகை. காண்டல் தனித்து விடப்பட்டபோது தன் வேலையைச் செய்தது.

வாசிப்பவரின் விரல் உணர்வதைக் கேட்பவர் எப்படிச் சோதிப்பார் என்று இன்னொரு கேள்வி உண்டு. ஓங்கி மீட்டும்போது ரெக்டிஃபயர் வால்வு வழியாக வரும் வோல்டேஜ் ஒரு கணம் தளர்ந்து பிறகு மீள்கிறது. அந்தத் தளர்வைக் கிட்டாரிஸ்ட் விரலில் உணர்கிறார், அரங்கின் கடைசி வரிசைக்கு அது எட்டாது. ஆனால் விரலும் ஒரு புலன்தான். அங்கேயும் கண்ணை மறைத்துச் சோதிக்கலாம், அங்கேயும் மீட்டரில் அந்த வோல்டேஜ் இறங்கி ஏறுவதைப் பார்க்கலாம்.

இனிதான் சிக்கலான இடம். நாதம் எவ்வளவு உண்மையான அறிவாக இருந்தாலும் அது கருவியின் ஆரோக்கியத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 1951இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் பதிவுசெய்த 'ராக்கெட் 88' பாட்டின் கரகரத்த கிட்டார் ஒலி, வழியில் அடிபட்ட ஓர் ஆம்ப்பிலிருந்து வந்தது என்றுதான் சொல்லப்படுகிறது. 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக 1964இல் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பை வேண்டுமென்றே கிழித்தார். இரண்டும் மறக்க முடியாத நாதங்கள், இரண்டும் பழுதிலிருந்து பிறந்தவை. இவை அபூர்வம் என்று ஒதுக்கினாலும், தினசரி நடப்பது ஒன்று உண்டு. ஆம்ப்பின் அடித்தட்டைக் கழற்றினால் அவுட்புட் வால்வுகளுக்குச் சற்று முன்னால் விரல் கணு அளவில் இரண்டு கப்ளிங் கண்டன்சர்கள் தெரியும். (சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும், பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது.) முந்தைய வால்வின் பிளேட்டில் இருக்கும் உயர்ந்த டிசி வோல்டேஜைத் தடுத்து, இசையை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. 6எல்6 போன்ற வால்வின் கிரிட்டைப் பயாஸ் மைனஸ் 40, 50 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது. வயதான கண்டன்சர் சில வோல்ட் கசியவிட்டால் அந்தப் பிடி தளர்ந்து வால்வு கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது என்ன கேட்கும்? கொஞ்ச காலத்துக்கு நாதம் கெடாது. பயாஸ் சூடானால் வரும் தடித்த, நிறைந்த ஒலிதான் கேட்கக்கூடும். "இது நாளாக நாளாக மெருகேறுகிறது" என்று வாசிப்பவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே பிளேட் மங்கலாகச் சிவக்கத் தொடங்கியிருக்கும். காது பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னது. அதனிடம் நாம்தான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டோம்.

இருபது வருட அனுபவம் என்ற சாட்சி என்ன ஆகிறது? "அந்தக் காலத்துப் பொருள் உழைக்கும்" என்பவர்கள் இன்றும் ஓடுகிற பழைய ஆம்ப்களைக் காட்டுகிறார்கள். எரிந்துபோனவையும் குப்பைக்குப் போனவையும் சாட்சிக்கு வருவதில்லை. மிஞ்சியவற்றிலும் பலவற்றுக்கு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் மாற்றப்பட்டிருக்கும், வால்வுகள் பலமுறை மாறியிருக்கும். அங்கே உழைத்ததில் ரிப்பேர்காரருக்கும் பங்குண்டு. தவிர, கடந்த காலம் அப்படியே நீளும் என்று எண்ண நமக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதும் ஹியூம் எழுப்பிய சிக்கல்தான். தேய்ந்துகொண்டே போகும் பொருளில் அது இன்னும் கூர்மையாகிறது. இருபது வருடம் ஓடியது என்பது இருபது வருடத் தேய்மானத்துக்கும் சான்று.

ஆகவே நம்பகத்தைக் கருதலால் அறிய வேண்டும், அதற்கு அடையாளமும் காரணமும் வேண்டும். சாக்கெட்டைச் சுற்றிக் கருகிய பழுப்பு நிறம், புடைத்த கண்டன்சர், வால்வின் தலையில் வெள்ளிபோல இருந்த பூச்சு பால்வெள்ளையாகி வெற்றிடம் போய்விட்டதைக் காட்டுவது, இவையெல்லாம் எச்சம். முதலுக்கு வாக்ஸ் ஏசி30 நல்ல உதாரணம். நான்கு இஎல்84 வால்வுகள், கேத்தோடு பயாஸ், நெகட்டிவ் ஃபீட்பேக் இல்லாத அவுட்புட். அதன் மணி போன்ற ஒலிக்கு இவையே காரணம். அந்த வால்வுகள் ஒவ்வொன்றும் தாங்கும் 12 வாட் எல்லையை ஒட்டியோ தாண்டியோ ஓயாமல் எரிவதற்கும் இவற்றில் ஒன்றான கேத்தோடு பயாஸ்தான் முக்கியக் காரணம். அந்தச் சூடு சுற்றியுள்ள பாகங்களை உலர்த்தும். மேகம் தெரிகிறது, மழையைச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் நல்ல நாதமும் நீண்ட ஆயுளும் சேரவே சேராதா என்று கேட்டால், அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, பேஸ் கிட்டாரைத் தெளிவாகப் பெருக்குவதற்காகச் செய்யப்பட்டது. கிட்டாரிஸ்டுகள் அதை முழு அளவுக்கு முடுக்கித் திணற வைத்தார்கள். 1962இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலோடு கென் பிரானும் டட்லி கிரேவனும் அதே சர்க்யூட்டை அடியொற்றி ஜேடிஎம்45ஐ உருவாக்கினார்கள். சர்க்யூட் ஒன்றாக இருந்தும் வீட்டில் தணிந்து ஒலிக்கும் பெட்டியின் ஆயுளும், இரவுதோறும் உச்சத்தில் கதறும் பெட்டியின் ஆயுளும் ஒன்றாக இருக்காது. எப்படி வாசிக்கப்போகிறார்கள் என்பதைச் சேர்க்காமல் நம்பகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கடைசி ஆட்சேபம் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. கருதல் பொதுவைத்தான் தொடும். புத்தம்புது வால்வு முதல் மணி நேரத்திலேயே போகலாம், தேய்ந்தது வருடக்கணக்கில் ஓடலாம். அப்படியிருக்க இந்த அறிவால் என்ன பயன்? எப்போது கெடும் என்பதற்கு விடை கிடைக்காதுதான். எப்படிக் கெடும், கெடும்போது எதையெல்லாம் கூட இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு விடை உண்டு. ஒரு ஆம்ப்பில் வால்வு ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். வால்வையும் ஃபியூஸையும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மீண்டும் வாசிக்கலாம். இன்னொன்றில் அதே கோளாறு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும். எனவே பழைய ஆம்ப்பை மதிப்பிடுபவர் வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே ஃபியூஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின்பலகையில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைவிடப் பெரிய ஃபியூஸ் உள்ளே இருந்தால், சரியான ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது என்றும், ஏன் போகிறது என்று பார்க்காமல் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்றும் கருதலாம். அந்தக் கோளாறு பெரும்பாலும் இன்னும் உள்ளேதான் இருக்கும்.