முற்றத்து மழை

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டோம். மழைக்காலச் சேற்றில் என் தாயார் வழுக்கி விழுந்ததே காரணம். அதில் எவரும் குற்றம் காண இயலாது என்றே எண்ணியிருந்தேன். அவ்வாண்டு ஐப்பசி மழையில், தெருவின் தாழ்ந்த கோடியில் குடியிருக்கும் மூதாட்டியின் வீட்டுக்குள் கணுக்கால் அளவு நீர் புகுந்தது. “முன்னெல்லாம் இப்படி வந்ததில்லை, தம்பி” என்றார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. அதுவே என்னை உறுத்திற்று.

ஒருவன் தன் நிலத்தில், தன் தாயின் நலனுக்காகச் செய்த செயல், பிறர் வீட்டில் புகுந்த வெள்ளத்துக்குப் பொறுப்பாகுமா?

பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி என்றொரு பொறியாளர் வாழ்ந்தார். 12 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஊற்று நீரை 1840-இல் தம் நகருக்குக் கொண்டுவந்தவர் அவர். அப்பணிக்கு உரிய ஊதியத்தையும் வேண்டாமென்றார். பின்னர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, தாம் கண்ட விதியை 1856-இல் வெளியிட்டார். இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் நீர் விரைந்து செல்லும்; மணலடுக்கின் நீளம் கூடினால் வேகம் குறையும்; எஞ்சியதை மண்ணின் இயல்பே தீர்மானிக்கும். மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையே அவ்வியல்பு இலட்சம் மடங்குக்கு மேலும் வேறுபடக்கூடும். மண்ணுக்குள் நீர் செல்லும் வழியை இன்று கணினியில் கணிப்பவர்களுக்கும் அவ்விதியே அடிப்படை.

என் கணக்கு அத்தனை கடினமானதன்று. முற்றம் 50 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மீது விழுவது 5,000 லிட்டர். முன்பு அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. இன்று ஏறக்குறைய அனைத்தும் தெருவுக்குச் செல்கிறது. தெருவிலிருந்து எங்கே செல்கிறது என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

தெருவில் முப்பது வீடுகள் உள்ளன, என் பங்கு மிகச் சிறிது என்று மனம் வாதிட்டது. பங்கு சிறிது என்பதால் பங்கே இல்லையென்று ஆகிவிடாது. சிறு துளி பெருவெள்ளம் என்று சேமிப்புக்குச் சொல்லும் நாம், நம் சிறு துளிகள் பிறர் வீட்டில் பெருவெள்ளமாவதை எண்ணுவதில்லை. நிலம் எனக்கு உரியது. அதன் வழியே கடந்து செல்லும் நீரோ அடுத்தவர் வாழ்வையும் தொடுகிறது. முதலில் எனக்கு இது தெரியாது, அறியாமையை மன்னிக்கலாம். கணக்கு தெரிந்த பின்னும் வாளாவிருப்பது வேறு.

தாயார் நடக்கும் பாதையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற தளத்தைப் பெயர்த்தோம். குழி தோண்டி நீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தோம். ஏட்டுக் கணக்கு, வேரும் கல்லும் வெடிப்பும் நிறைந்த உண்மையான மண்ணை முழுதும் அறியாதல்லவா! பின்னர் ஜல்லி பரப்பி, இடைவெளி விட்டுக் கற்களைப் பதித்தோம்.

அத்துடன் கடமை முடியவில்லை. நுண்ணிய வண்டல் அவ்விடைவெளிகளை மெல்ல அடைத்துவிடும்; அவ்வப்போது தூய்மை செய்யாவிடில் கல்தளமும் சிமெண்டுத் தளமும் ஒன்றே. தமிழகத்தில் 2003-இல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாங்களும் குழி அமைத்தோம். பின்னர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. சட்டம் குழியைத் தோண்டச் செய்யும். தூர் வார வைப்பது மனச்சான்று மட்டுமே. அதுவும் கவனியாது விட்டால் தூர்ந்துபோகும்.

மூதாட்டியின் வாசலுக்கு இன்னும் நீர் வருகிறது. முப்பது முற்றங்களில் ஒன்றுதானே மாறியிருக்கிறது! ஆயினும் அந்நீரில் என் முற்றத்துப் பங்கு குறைந்திருக்கிறது. அவர் அதை அறியமாட்டார். அவர் அறிய வேண்டியதும் இல்லை. நான் அறிந்தால் போதும்.