காட்டிக் கொடுத்தல்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர் பாயிண்டர் ஜாதி நாய் வளர்க்கிறார். மேல்நாட்டில் பறவை வேட்டைக்கென்றே உண்டாக்கிய ஜாதி. மணிக்கணக்கில் ஓடும், பறவையின் வாடை பட்டதும் ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடும். பறவையை எழுப்புவதும் சுடுவதும் எஜமானனின் வேலை. நம் சிப்பிப்பாறை நாய்க்கு இந்த வித்தை கிடையாது. கண்டால் பாயும், பிடித்தால் கடிக்கும். பாவமோ புண்ணியமோ அதன் கணக்கிலேயே போய்விடும்.

குட்டியைப் பழக்கியதை நான் பார்த்திருக்கிறேன். மூங்கில் கம்பு நுனியில் கயிறு, கயிற்றில் கோழி இறகு. குட்டி பாயும்போதெல்லாம் அவர் இறகைத் தூக்கிவிடுவார். பலமுறை ஏமாந்த பிறகு ஒரு முறை பாயாமல் நின்றது.

“அடிச்சீங்களா?” என்றேன்.

“ஒரு அடி இல்லைங்க. பாஞ்சாக் கிடைக்காதுன்னு அதுக்கே புரிஞ்சுபோச்சு.”

இதைப் புலனடக்கம் என்று சொல்லலாமா? பாதி பிறவிக் குணம், பாதி ஏமாற்றம். நம் அடக்கத்தில் பெரும்பகுதி எதனால் ஆனது என்று யோசித்தால் நாயைக் குறை சொல்ல மனம் வராது.

கவுதாரியைச் சுடுவது மட்டுமல்ல, துரத்துவதும் வேட்டைதான் என்கிறது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே நண்பரிடம் துப்பாக்கி இல்லை, நீளக் கயிறுதான். “துப்பாக்கி இருந்தாத்தானுங்க காட்டிக் கொடுக்கிறது. இது சும்மா காட்டுறதுதானே?” என்பது அவர் கட்சி. எனக்கும் நியாயமாகவே பட்டது, காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு அவரோடு போகும்வரை.

கிளுவை வேலியோரம் கொழுக்கட்டைப் புல்லில் நாய் நின்றது. வால் விறைத்திருந்தது, உடம்பெல்லாம் நடுக்கம். நண்பர் மெய்மறந்து நின்றார். நான் குனிந்து பார்த்தேன். புல்லடியில் கவுதாரி ஒன்று மண்ணோடு மண்ணாக அப்பிக் கிடந்தது. எங்களிடம் துப்பாக்கி இல்லையென்று அதற்கு யார் சொல்வது? சட்டமும் நம் நல்லெண்ணமும் புல்லுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்தது கலப்படமில்லாத பயம்.

“போலாமுங்க” என்றேன். கயிற்றை இழுத்தும் நாய் அசையவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

அதன்பின் அவர் காட்டுக்குப் போகவில்லை. நாய் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். “அதையும் பார்க்கோணுமில்லைங்க” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் கம்பெனிக்குப் போயிருந்தேன். கட்டிங் வேஸ்ட் மூட்டையிலிருந்து பிதுங்கிய வெள்ளைத் துணி ஒன்று காற்றில் ஆடியது. வாசலில் கட்டியிருந்த நாய் முன்காலைத் தூக்கி அதன்முன் நின்றது. மூட்டையை வண்டியில் ஏற்றும்வரை காலை இறக்கவில்லை.