ஒரு சிறு குறியின் பாரம்

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுகள் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயின்ற இளைஞன், கார் விற்பனை நிறுவனமொன்றின் 'சர்வீஸ்' கூடத்தில் பயிற்சியாளனாய் நுழைகிறான். முதல் வாரங்களில் அவன் கற்பவை எளியவை போலத் தோன்றும். சக்கர நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக முடுக்க வேண்டும். முடுக்கும் விசையைக் கையின் மதிப்புக்கு விடாமல் 'டார்க் ரெஞ்ச்' கொண்டு அளக்க வேண்டும். சிறிய கார்களுக்கு அது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். குறைந்தால் நட்டு கழலும். மிகுந்தால் மரை நையும். 'பிரேக் பேட்' மாற்றிய பின், வண்டியை ஓரடி நகர்த்துமுன்னரே மிதியைப் பலமுறை அழுத்தி இறுகச் செய்ய வேண்டும். இல்லையேல் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறினால் அவ்வெல்லை 140 டிகிரி வரை தாழக்கூடும். கொடைக்கானல் போன்ற நீண்ட மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றுமாயின், மிதி தரைவரை இறங்கும்; வண்டியோ நிற்காது.

இவற்றைச் செய்து முடித்தபின் 'ஜாப் கார்டு' எனும் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரு குறியிட்டு, அடியில் கையொப்பமிட வேண்டும். வண்டியின் உரிமையாளர் நட்டைப் பார்ப்பதில்லை, எண்ணெயைச் சோதிப்பதில்லை. அந்தக் குறியை நம்பியே குடும்பத்தை ஏற்றிச் செல்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் வகுக்கப்பட்டுள்ள கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் சொல்கிறார்: "நேரமாச்சு தம்பி, எல்லாத்துக்கும் டிக் போட்டு அனுப்பு." தம்பி என்ன செய்வான்? செய்யாத வேலைக்கு அவன் இடும் குறிக்கு யார் பொறுப்பு?

புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலின் வழிநின்று, கலையையும் முன்மதியையும் வேறுபடுத்துகிறார். செய்யப்படும் பொருளைச் சரியாகச் செய்யும் அறிவு கலை. தன் செயல்களையும் வாழ்வையும் சரியாக நடத்தும் அறிவு முன்மதி. கலையில் தெரிந்தே பிழை செய்பவன், தெரியாமல் செய்பவனைவிடத் திறமைசாலியே. வேண்டுமானால் அவனால் சரியாகச் செய்ய இயலும். முன்மதியிலோ தெரிந்தே பிழைப்பவன்தான் தாழ்ந்தவன். மறதியால் நட்டைத் தளர விட்ட பயிற்சியாளன் இன்னும் கற்க வேண்டியவன். முடுக்காததை அறிந்தே குறியிட்டவன் நல்ல மெக்கானிக்காய் இருக்கலாம். நல்ல மனிதனாய் இருப்பதில்தான் தவறிவிட்டான்.

பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளையை நாம் நீதிமன்றத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் அந்தக் குறியும், முகமறியா அயலானுக்குத் தரப்படும் சான்றே. செய்யாத வேலைக்குக் கூலி பெறுவதால், திருடாதே என்ற கட்டளையும் அங்கே மீறப்படுகிறது.

எனினும் முழுப் பழியையும் அந்த இளைஞன் தலையில் சுமத்துவது நீதியாகாது. மேலாளின் ஆணை அவன் குற்றத்தைக் குறைக்கலாம், முற்றும் துடைத்துவிடாது. ஆனால் ஆணையிட்டவனின் குற்றம் அவனுடையதைவிடப் பெரிது. புனித தொன் போஸ்கோ 1852-இல் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொழில் முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தங்கள் செய்தார். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, அடித்துத் திருத்தாமல் சொல்லால் திருத்த வேண்டும், ஓய்வு நாள் தர வேண்டும் என்பன அவற்றின் நிபந்தனைகள். கற்பவனுக்குக் கடமை இருப்பதுபோல், கற்பிப்பவனுக்கும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை முதலாவதாக உழைக்கும் மனிதனிடத்திலேயே காண வேண்டும் என வலியுறுத்தினார். அப்படியாயின், பழுது நீங்கிய வண்டியோடு, பழுதுபட்ட மனச்சான்றையும் வெளியனுப்பும் கூடம் எதை உருவாக்குகிறது?

பயிற்சியின் முதல் நாளிலேயே ஒரு பாடம் இடம்பெற வேண்டும்: செய்யாத வேலைக்கு நேரான கட்டத்தை வெறுமையாக விடு, "இதை இன்னும் பார்க்கவில்லை, ஐயா" என்று சொல். அப்படிச் சொல்லும் இளைஞன் வேலை இழக்கமாட்டான் என்ற உறுதியை நிறுவனம் தர வேண்டும். இந்த உறுதியின்றி அவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது, வலியவர் சுமக்க வேண்டியதை எளியவன் தோளில் ஏற்றுவதே. நற்பண்பு பழக்கத்தால் வளர்வது, பொய்யும் அப்படியே. நூறு குறிகளைப் பொய்யாக இட்ட கைக்கு நூற்றொன்றாவது உறுத்தாது.

வண்டி வைத்திருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. "எப்படியாவது இன்று மாலைக்குள் வேண்டும்" என்று நாம் நெருக்கும்போது, அந்த நெருக்கடி மேலாளர் வழியாக இறங்கி, கடைசியில் அந்தப் பயிற்சியாளன் கையிலுள்ள பேனாவில் வந்து நிற்கிறது. ஒரு நாள் பொறுத்து, "முழுவதும் பார்த்துவிட்டே தாருங்கள்" என்போமாயின், யாரோ பெற்ற ஒரு பிள்ளை உண்மையாய் உழைக்க நாம் இடம் தந்தவராவோம். நாசரேத்தின் தச்சுப்பட்டறையில் கைகள் காய்த்த ஆண்டவர், அந்தப் பிள்ளையின் எண்ணெய்க் கறை படிந்த கையையும் ஆசீர்வதிப்பாராக.