ஊர் என்றால் யார்?

ஊரைப் பற்றி எழுதும் உரிமை யாருக்கு அதிகம்? ஊரிலேயே இருப்பவனுக்கா, வெளியேறிப் போனவனுக்கா? எழுதுகிற நண்பர்கள் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அது யாருக்கு ஊர்ப்பாசம் அதிகம் என்ற சண்டையாகிவிடும். எனக்கென்னவோ கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று படுகிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலை எடுத்துக்கொள்வோம். ஒரே சிற்றூர், ஒரே தலைமுறை, இரண்டு நண்பர்கள். கு. அழகிரிசாமி வேலை தேடிச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார். கி. ராஜநாராயணன் விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார். புதுச்சேரிக்குப் போனது பிற்காலத்தில்தான். கி.ரா. கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். அழகிரிசாமியோ ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தன் பிள்ளைகளுக்கே போதாத வீட்டில் ஓர் அநாதைப் பையனுக்கும் இடம் கொடுக்கும் தாயைக் காட்டினார். இருந்தவருக்கும் ஊர் தெரிந்தது, போனவருக்கும் தெரிந்தது. ஆக, தூரம் ஒரு அளவுகோல் இல்லை.

பிறகு எது அளவுகோல்? எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பகுதிநேர நிருபராக இருக்கும் அண்ணன் ஒருவர் சொல்வார்: “சென்னையிலருந்து வர்றவங்க எழுதிட்டு ராத்திரி பஸ் ஏறிருவாங்க தம்பி. நான் காலைல அதே டீக்கடைக்குத்தான போகணும்.”

அந்த டீக்கடை அவரைக் கவனமாக எழுத வைக்கிறது. பெயர் தப்பாக வந்தால் மறுநாளே சட்டையைப் பிடிப்பார்கள். ஆனால் அதே டீக்கடைதான் அவரைச் சில செய்திகளை எழுதாமலும் இருக்க வைக்கிறது. எந்தத் தெரு வழியாக யாருடைய பிணம் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அது செய்தியாகாது. கேள்வி கேட்கும் பலம் உள்ளவனுக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகினால், நேர்மையும் மெல்ல அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

பெருமாள்முருகனுக்கு நடந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். 2015 ஜனவரியில், தனக்குள்ளிருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்தவர்கள் ஊர் மானம் போய்விட்டது என்றார்கள். சரி, குழந்தை இல்லாததற்காக நாள்தோறும் பேச்சு வாங்கும் பொன்னா ஊரில் சேர்த்தியா இல்லையா? அந்த ஏச்சில் போன மானத்தைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லையே.

ஊர் ஒற்றை ஆள் இல்லை. ‘ஊர் சொல்லுது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நாலைந்து குரல்களைத்தான் சொல்கிறோம். எழுதுகிறவனுக்கு ஊர்மேல் கடன் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அந்த நாலைந்து பேரிடம் போய்த் தீர்க்க முடியாது. எழுதிய பத்தியைத் திருப்பிக் கேள்வி கேட்கவே வாய்ப்பில்லாத ஒருவர் ஊரில் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டு வாசிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். நாக்கு குழறும் இடத்தில் திருத்த வேண்டியிருக்கும்.